தரவரிசைக்கு வெளியே ஒரு பவுல் ஆட்டம்

2014 டிசம்பர் 24, மதியம். பஹாமாஸ் தீவுநாட்டின் தலைநகர் நாசோவில் தாமஸ் ராபின்சன் ஸ்டேடியம். அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு கல்லூரி அணிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. மூன்று குவார்ட்டர் முடிந்துவிட்டது, இன்னும் 15 நிமிட ஆட்டம்தான் பாக்கி. ஸ்கோர் 49-14. முன்னிலையில் இருப்பது கென்டக்கி மாநிலம் பவுலிங் கிரீனிலிருந்து வந்த வெஸ்டர்ன் கென்டக்கி. அடி வாங்கிக்கொண்டிருப்பது மிச்சிகன் மாநிலம் மவுண்ட் பிளசன்டிலிருந்து வந்த சென்ட்ரல் மிச்சிகன்.

அந்த சீசனில் இரண்டு அணிகளும் தலா 12 ஆட்டங்கள் ஆடி 7-ல் ஜெயித்து 5-ல் தோற்றிருந்தன. நாட்டின் முதல் 25 அணிகள் என்று வாராவாரம் வெளிவரும் பட்டியலில் இரண்டுக்குமே இடமில்லை. இந்த ஆட்டத்தில் ஜெயித்தாலும் அடுத்த சுற்று என்று ஒன்று கிடையாது. ஒரு கோப்பை கிடைக்கும், அவ்வளவுதான். 35 புள்ளி பின்தங்கிவிட்ட அணி மீதி நேரத்தை எப்படியோ ஓட்டிவிட்டு கிறிஸ்துமஸுக்கு வீடு போய்ச் சேர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. என்ன செய்தார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது முழுதாகப் புரிய வேண்டுமென்றால் பவுல் ஆட்டம் என்றால் என்ன, தரவரிசை எப்படி வருகிறது, அந்த வரிசையில் இல்லாத இரண்டு அணிகளை எதற்காக இவ்வளவு தூரம் அழைத்துவந்து மோத விடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலையே பார்த்திராதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம் அது. நாம் கால்பந்து என்று சொல்வது வேறு ஆட்டம்.

முதலில் பெயர். பவுல் என்றால் கிண்ணம்தான். யேல் பல்கலைக்கழகம் 1914-ல் நியூ ஹேவனில் கட்டிய ஸ்டேடியம் பார்க்கக் கிண்ணம் போல இருந்ததால் அதற்கு யேல் பவுல் என்று பெயர் வந்தது. அந்த மாதிரியைப் பார்த்து 1922-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு ஸ்டேடியம் எழுந்தது. பாசடீனாவில் 1890 முதல் புத்தாண்டு அன்று பூக்களால் அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம் நடக்கும். ரோஜா விழா என்று பெயர். ஆகவே ஸ்டேடியம் ரோஸ் பவுல் ஆனது, அங்கே புத்தாண்டில் நடக்கும் ஆட்டத்தையும் ரோஸ் பவுல் என்றே அழைத்தார்கள். மற்ற ஊர்களும் அதைப் பார்த்துத் தங்கள் ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர் வைத்துக்கொண்டன. இன்று கிண்ண வடிவத்துக்கும் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சீசன் முடிந்த பிறகு, வழக்கமான அட்டவணைக்கு வெளியே, அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டம் பவுல். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த ஸ்டேடியம் வருவதற்கு 20 வருடம் முன்பே ரோஜா விழாக்காரர்கள் ஒரு ஃபுட்பால் ஆட்டம் நடத்திப் பார்த்திருந்தார்கள். 1902 புத்தாண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டும் மோதின. ஸ்கோர் 49-0 ஆனபோது, ஆட்டம் முடிய இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போதே, ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. விழாக்காரர்களுக்கும் மனசு விட்டுப்போயிற்று. அடுத்த சில வருடங்கள் ஃபுட்பாலுக்குப் பதிலாக ரத ஓட்டம் போன்றவற்றை வைத்தார்கள். 1916-ல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. வரலாற்றின் முதல் பவுல் ஆட்டமே ஒரு அணி பாதியில் கைவிட்ட ஆட்டம் என்பதை இங்கே குறித்து வையுங்கள். அந்த 49 மறுபடியும் வரும்.

பாசடீனாவைப் பார்த்து மற்ற ஊர்களுக்கும் ஆசை வந்தது. குளிர்காலத்தில் வெயில் அடிக்கும் ஊர்கள் இவை. வடக்கே பனியில் நடுங்கும் ஆட்களை வரவழைத்தால் ஹோட்டல் நிறையும், கடை ஓடும். 1930களின் பொருளாதார மந்தத்தில் மயாமி ஆரஞ்ச் பவுலையும் நியூ ஆர்லியன்ஸ் ஷுகர் பவுலையும் தொடங்கின. இரண்டும் 1935 புத்தாண்டில் முதன்முதலாக நடந்தன. எல் பாசோவில் சன் பவுல், 1937-ல் டாலஸில் காட்டன் பவுல் என்று வரிசையாக வந்தன. அந்த ஊரில் என்ன விளைகிறதோ அதன் பெயரை ஆட்டத்துக்கு வைத்ததில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. யார் சிறந்த அணி என்று தீர்மானிக்கத் தொடங்கியவை அல்ல இவை. விருந்தினரை அழைத்து, நல்ல ஆட்டம் காட்டி, ஊரைச் சுற்றிக் காட்டி அனுப்புவதற்காகத் தொடங்கியவை. பவுலின் இந்தப் பிறவிக்குணம் இன்றும் மாறவில்லை.

சரி, தரவரிசைக்கு வருவோம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்மட்ட ஃபுட்பால் பிரிவில் 2014-ல் 128 அணிகள் இருந்தன. ஒவ்வொரு அணியும் சீசனில் 12 ஆட்டங்கள்தான் ஆடும். உடம்பை முறிக்கிற ஆட்டம், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. 128 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டங்கள் என்றால் பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று சந்திக்கவே போவதில்லை. ஐ.பி.எல். போல ஒரே புள்ளிப் பட்டியல் போட்டு மேலிருந்து கீழ் வரை அடுக்க வழியில்லை. பத்து ஆட்டம் ஜெயித்த அணி எளிய எதிரிகளை மட்டுமே சந்தித்திருக்கலாம், எட்டு ஜெயித்த அணி பலசாலிகளோடு மோதியிருக்கலாம். அதனால் யாராவது உட்கார்ந்து யோசித்து, இது பெரிது அது சிறிது என்று சொல்லியாக வேண்டும்.

அந்த வேலையை 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் செய்துவருகிறது. விளையாட்டுச் செய்தியாளர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கணிப்பில் முதல் 25 அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, இப்படியே 25-ம் இடத்துக்கு 1. எல்லோருடையதையும் கூட்டினால் பட்டியல் தயார். ஆரம்பத்தில் 20 அணிகளாக இருந்ததை 1989-ல் 25 ஆக்கினார்கள். பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடும் பட்டியலும் ஒன்று உண்டு. 2014-ல் நான்கு அணிகளின் பிளேஆஃப் தொடங்கியபோது அதற்கென்று ஒரு தேர்வுக் குழுவும் வந்தது, அந்தக் குழுவும் 25 அணிகளை வரிசைப்படுத்தும். அந்த நான்கு 2024-ல் 12 ஆனது.

தரவரிசையில் இல்லாத அணி என்றால் மட்டமான அணி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. 26-ம் இடத்தில் இருக்கும் அணியும் பட்டியலில் இல்லாததுதான், 126-ம் இடத்தில் இருப்பதும் அப்படித்தான். முதல் 25-க்குள் வருவதற்குத் தேவையான ஓட்டு கிடைக்கவில்லை என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். பெரிய பணக்காரப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் சிறிய கான்ஃபரன்ஸ்களில் ஆடும் அணிகளைச் செய்தியாளர்கள் அவ்வளவாகப் பார்ப்பதும் இல்லை. கான்ஃபரன்ஸ் என்பது பல கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு. ஒரு கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்பதுதான் அதன் வருமானத்தையும், தொலைக்காட்சி நேரத்தையும், டிசம்பரில் அதற்கு அழைப்பு வருமா வராதா என்பதையும் பெருமளவு முடிவு செய்கிறது.

இதற்கு வெஸ்டர்ன் கென்டக்கியைவிட நல்ல உதாரணம் இல்லை. பவுலுக்குத் தகுதி பெறப் பொதுவாக 12-ல் 6 ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். 2013-ல் அந்த அணி 8 ஜெயித்து 4 தோற்றது. தகுதிக்கு மேலே இரண்டு. ஆனால் எந்தப் பவுலும் அழைக்கவில்லை. காரணம், ஒவ்வொரு பவுலும் குறிப்பிட்ட கான்ஃபரன்ஸ்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருக்கும். இந்தக் கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்று, அந்தக் கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்று என்று. வெஸ்டர்ன் கென்டக்கி அப்போது இருந்த சன் பெல்ட் கான்ஃபரன்ஸுக்கு உறுதியாக இருந்த இடங்கள் மிகக் குறைவு. அந்த இடங்கள் வேறு அணிகளுக்குப் போயின. எட்டு வெற்றியோடு பையன்கள் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இரண்டு வருடம் முன்னால், 2011-லும் ஏழு வெற்றியோடு இதே கதைதான்.

இடையில் 2012-ல் ஒருமுறை அழைப்பு வந்தது. டெட்ராய்ட்டில் லிட்டில் சீஸர்ஸ் பீட்ஸா பவுல். மேல்மட்டப் பிரிவுக்கு வந்த பிறகு அந்த அணியின் முதல் பவுல் ஆட்டம் அதுதான். அதில் 24-21 என்று தோற்றார்கள். அவர்களைத் தோற்கடித்த அணி சென்ட்ரல் மிச்சிகன்.

2014-ல் வெஸ்டர்ன் கென்டக்கி கான்ஃபரன்ஸ் யூ.எஸ்.ஏ.வுக்கு மாறியது. அதே வருடம் நாசோவில் புதிதாகத் தொடங்கிய பஹாமாஸ் பவுல் அந்தக் கான்ஃபரன்ஸோடும், சென்ட்ரல் மிச்சிகன் இருக்கும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸோடும் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதனால்தான் பழைய எதிரிகள் இருவரும் மீண்டும் சந்தித்தார்கள். 1937 புத்தாண்டில் கியூபாவின் ஹவானாவில் ஆபர்னும் வில்லனோவாவும் 7-7 என்று சமன் செய்த ஆட்டத்துக்குப் பிறகு, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே நடந்த முதல் பவுல் அது. ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த தாமஸ் ராபின்சன் பஹாமாஸின் ஓட்டப்பந்தய வீரர். சீன அரசின் உதவியில் கட்டிய தடகள மைதானம் அது, சுமார் 15,000 பேர் உட்காரலாம். இதற்கென்றே முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்த ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்த சீசனில் சாம்பியன்ஷிப் ஆட்டத்தை விட்டுவிட்டால் 38 பவுல்கள் நடந்தன. அதாவது 76 அணிகளுக்கு இடம். தரவரிசையில் இருப்பதோ 25. ஆக, பவுல் ஆடிய அணிகளில் குறைந்தது 51 தரவரிசைக்கு வெளியே இருந்தவை. 25 அணிகளும் ஒன்றோடொன்று மோதாமல் ஆளுக்கொரு பவுலுக்குப் போனதாக வைத்துக்கொண்டாலும், மீதி 13 பவுல்களில் இரண்டு பக்கமும் தரவரிசை இல்லாத அணிகள்தான் ஆடியிருக்க வேண்டும். உண்மையில் பெரிய அணிகள் தங்களுக்குள் மோதிக்கொள்வதால் எண்ணிக்கை அதைவிடக் கூடும். எனவே தரவரிசை இல்லாத இரண்டு அணிகளின் பவுல் என்பது ஏதோ அபூர்வமான, ஒதுக்குப்புறமான விஷயம் இல்லை. டிசம்பர் மாதத்தின் பெரும்பகுதி அதுதான்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. பவுல் மலிந்துவிட்டது, பாதி ஜெயித்தவனுக்கெல்லாம் பரிசா என்பது அவர்கள் வாதம். அந்தக் கோபத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. இத்தனை பவுல்கள் இருப்பதற்குத் தொலைக்காட்சி ஒரு பெரிய காரணம். பல பவுல்களை இ.எஸ்.பி.என். நிறுவனத்தின் கிளை நிறுவனமே சொந்தமாக நடத்துகிறது, பஹாமாஸ் பவுலும் அப்படி நடத்தியதுதான். விடுமுறைக் காலத்தில் வீட்டில் இருக்கும் ஜனங்களுக்கு நேரடி ஆட்டம் ஒன்று ஓடினால் போதும், அரங்கம் பாதி காலியாக இருந்தாலும் விளம்பரம் விற்கும். கல்லூரிகளுக்கோ இது எப்போதும் லாபம் இல்லை. குறிப்பிட்ட எண்ணிக்கை டிக்கெட்டைக் கல்லூரியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் உண்டு. விற்காத டிக்கெட்டும் நூறு பேரின் பயணச் செலவும் சேர்ந்து சிறிய கல்லூரியின் கையைக் கடித்துவிடும்.

ஸ்பான்சர்கள் பெயரைப் பார்த்தே சிலர் முகம் சுளிப்பார்கள். முன்பு ஆரஞ்சும் பருத்தியும் இருந்த இடத்தில் பின்னால் மயோனைஸும் பீட்ஸாவும் வந்தன. சார்லட் நகரத்து டியூக்ஸ் மேயோ பவுலில் ஜெயித்த பயிற்சியாளர் தலையில் மயோனைஸைக் கவிழ்ப்பார்கள். 2021-ல் அப்படி முதலில் நனைந்தவர் சவுத் கரோலைனாவின் ஷேன் பீமர். அவருடைய அணி 6-6, எதிரே இருந்த நார்த் கரோலைனாவும் 6-6, இரண்டும் தரவரிசையில் இல்லை. அவர் மயோனைஸ் வழிய வழியச் சிரிக்கிற படம் நாடு முழுக்கப் போனது. ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸியில் உருளைக்கிழங்குப் பவுல் நடக்கும், நீல நிறச் செயற்கைப் புல்லில். அங்கே தலையில் விழுவது பிரெஞ்ச் ஃபிரைஸ். எனக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது. விளைச்சலின் பெயரில் ஊர் தன்னைக் காட்டிக்கொண்ட பழைய வழக்கத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆனால் ஆட்டக்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. இந்தப் பிரிவில் ஆடுபவர்களில் மிகச் சிலரே என்.எஃப்.எல். எனும் தொழில்முறை லீகுக்குப் போகிறார்கள். சிறிய கான்ஃபரன்ஸில் அந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. எட்டு ஒன்பது வயதில் ஹெல்மெட் மாட்டிய பையனுக்கு 22 வயதில் வரும் அந்த டிசம்பர் ஆட்டம்தான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம். கிரிக்கெட்டையோ கால்பந்தையோ நாற்பது வயதில் தெருவில் ஆடலாம். கவசம் போட்டு, பதினோரு பேர் பதினோரு பேரை முட்டித் தள்ளும் இந்த ஆட்டத்தை அப்படி ஆட முடியாது. முடிந்தால் முடிந்ததுதான். பவுலுக்கு அழைப்பு வந்தால் அந்த முடிவு ஒரு மாதம் தள்ளிப்போகிறது. கூடவே ஏறத்தாழ 15 நாள் பயிற்சியும் கிடைக்கிறது. அழைப்பு வராத அணிக்கு அது கிடையாது. அந்த நாட்களில் முதல் வருடப் பையன்களுக்குத்தான் பயிற்சியாளர்கள் அதிக நேரம் தருவார்கள், அடுத்த சீசனுக்கான அணி அங்கேயே உருவாகத் தொடங்கிவிடும்.

சமீப வருடங்களில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2016-ல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் ஃபர்னெட்டும் காயத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்று தங்கள் பவுல் ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். இருவரும் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மேலிடத்தில் வரப்போகிறவர்கள், அதனால் அவர்கள் எடுத்த முடிவில் எனக்குக் குறையில்லை. அப்புறம் 2018-ல் கல்லூரி மாறுவதை எளிதாக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. பவுலுக்கு முன்பே பலர் வேறு கல்லூரிக்குப் போக முடிவெடுத்துவிடுகிறார்கள். பவுலில் இறங்கும் அணி சீசனில் ஆடிய அதே அணியாக இருப்பதில்லை. அந்தக் காலியிடத்தில், வருடம் முழுக்க ஓரத்தில் நின்ற ஒருவனுக்கு முதல் வாய்ப்பு கிடைப்பதும் நடக்கிறது.

இனி நாசோவுக்குத் திரும்பலாம். அதற்குமுன் விதிகள் கொஞ்சம், தேவையான அளவு மட்டும்.

ஆடுகளம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள், அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஒரு போனஸ் முயற்சி உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, இது கிட்டத்தட்ட எப்போதும் கிடைத்துவிடும். அல்லது மூன்று யார்டு தூரத்திலிருந்து மறுபடி ஒருமுறை ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் 2 புள்ளி. இது பாதிக்குப் பாதிகூட வராத வாய்ப்பு. எறிவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு முயற்சியில் முன்னோக்கி ஒரேயொரு முறைதான் எறியலாம். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ கைமாற்றுவதற்கு எண்ணிக்கையே இல்லை, எத்தனை பேரும் எத்தனை முறையும் மாற்றலாம். நடுவில் நழுவினால் எதிராளி எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. கடைசி நொடியில் வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்வார்கள். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும், நடந்துகொண்டிருக்கும் முயற்சி முடியும்வரை ஆட்டம் முடியாது.

நாலாவது குவார்ட்டர் தொடங்கும்போது 49-14. சென்ட்ரல் மிச்சிகனின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிபவர், கூப்பர் ரஷ். அவர் ஒரு டச் டவுன் பாஸ் எறிந்தார். 49-21. இதற்கெல்லாம் யாரும் பெரிதாக அசரவில்லை, தோற்கும் அணிக்குக் கடைசியில் கிடைக்கும் ஆறுதல் என்றே தோன்றியிருக்கும். இன்னொன்று, 49-28. இன்னொன்று, 49-35. வெஸ்டர்ன் கென்டக்கி அணியில் அதுவரை ஐந்து டச் டவுன் பாஸ் எறிந்திருந்த பிராண்டன் டவுட்டிக்கு அதன் பிறகு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. நான்காவதும் வந்தது, 49-42. ஆனால் நேரம் தீர்ந்துவிட்டது. சென்ட்ரல் மிச்சிகன் கையில் பந்து மறுபடி வந்தபோது மிச்சம் ஒரு நொடி. நின்ற இடம் தங்கள் பக்கத்து 25 யார்டு கோடு. போக வேண்டிய தூரம் 75 யார்டு.

ரஷ் பந்தை வாங்கிக்கொண்டு, தன்னால் முடிந்தமட்டும் தூரமாக வீசினார். கடிகாரத்தில் பூஜ்யம். கீழே எதிரணியினர் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பிடித்தவர் ஜெஸ்ஸி க்ரோல். வழக்கமாக அங்கே முடிந்திருக்கும், நாலு பேர் சேர்ந்து வீழ்த்தியிருப்பார்கள். விழுவதற்குள் க்ரோல் பந்தை டியான் பட்லரிடம் தள்ளினார். பட்லர் ஓடினார், மடக்கப்படும் நேரத்தில் கோர்ட்னி வில்லியம்ஸிடம் கொடுத்தார். வில்லியம்ஸ் ஒரு கணமும் வைத்துக்கொள்ளாமல் டைட்டஸ் டேவிஸிடம் கொடுத்தார். டேவிஸ் ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, கோட்டு மூலையில் நிற்கும் ஆரஞ்சு நிறக் குறியை நோக்கி உடம்பை நீட்டிப் பாய்ந்தார். டச் டவுன். 49-48.

முதல்முறை அந்தக் காட்சியின் வீடியோவைப் பார்த்தபோது நான்கு பேர் கை மாறியதே எனக்குக் கண்ணில் படவில்லை. மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவரும் எவ்வளவு சரியான கணத்தில் பந்தை விட்டார்கள் என்பது தெரிந்தது. ஒரு கைமாற்றம் அரை யார்டு முன்னோக்கிப் போயிருந்தால் செல்லாது. எவராவது தானே கோட்டைத் தொட்டுவிடலாம் என்று இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரே குவார்ட்டரில் ஐந்து டச் டவுன் பாஸ், ஆட்டம் முழுக்க ஏழு. பவுல் ஆட்டத்தில் அது ஒரு சாதனை. இப்போது பயிற்சியாளர் டான் ஈனோஸ் முடிவெடுக்க வேண்டும். உதைத்தால் 49-49, கூடுதல் நேரம். இரண்டு புள்ளிக்குப் போனால் 50-49 வெற்றி, அல்லது இதோடு தோல்வி.

இந்த இடத்தில் இன்னொரு ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இதற்கு நான்கு வாரம் முன்னால், நவம்பர் 28 அன்று, வெஸ்டர்ன் கென்டக்கி இதே மாதிரி முடிவை எதிர்கொண்டிருந்தது. அன்று எதிரணி மார்ஷல். அந்த சீசனில் ஒரு ஆட்டமும் தோற்காத, தரவரிசையில் இருந்த அணி. 59-59 என்று சமநிலை, கூடுதல் நேரத்தில் மார்ஷல் 66-59. வெஸ்டர்ன் கென்டக்கி டச் டவுன் அடித்து 66-65 ஆக்கியது. பயிற்சியாளர் ஜெஃப் பிராம் உதைக்கச் சொல்லவில்லை, இரண்டுக்குப் போகச் சொன்னார். கிடைத்தது. 67-66. அப்படி ஒரு புள்ளியில் ஜெயித்த அணிதான் இப்போது அதே கேள்விக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தது.

ஈனோஸும் இரண்டுக்குப் போனார். ரஷ் எறிந்த பாஸ் கைசேரவில்லை. ஆட்டம் முடிந்தது, 49-48.

ஏன் உதைக்கவில்லை என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. எதிரணி திகைத்து நிற்கும் நேரம் அது. இரண்டு அணிகளும் களைத்திருந்தன, கூடுதல் நேரத்தில் யார் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. தரவரிசைக் கணக்கோ பிளேஆஃப் கணக்கோ அவரைக் கட்டிப்போடவில்லை. அதுபோல ஒரு சூழலில் இருக்கும் பயிற்சியாளர் தன் பையன்களை நம்பி இறங்கலாம், அதற்கு இந்த வகைப் பவுல் ஆட்டம்தான் இடம் கொடுக்கிறது.

வெஸ்டர்ன் கென்டக்கிக்கு அது மேல்மட்டப் பிரிவில் முதல் பவுல் வெற்றி. 8-4 எடுத்தும் வீட்டில் உட்கார்ந்த அதே பையன்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் 12 ஆட்டங்கள் ஜெயித்தார்கள், கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றார்கள், மயாமி பீச் பவுலில் சவுத் ஃபுளோரிடாவை 45-35 என்று வீழ்த்தினார்கள். அந்த சீசனின் கடைசி அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் 24-ம் இடம் கிடைத்தது.

கூப்பர் ரஷ்ஷை 2017 டிராஃப்டில் எந்தத் தொழில்முறை அணியும் எடுக்கவில்லை. டாலஸ் கவ்பாய்ஸ் தனியே சேர்த்துக்கொண்டது. 2022-ல் முதன்மைக் குவார்ட்டர்பேக் காயப்பட்டபோது ஐந்து ஆட்டங்களில் இறங்கி நான்கில் ஜெயிக்க வைத்தார். டைட்டஸ் டேவிஸுக்குக் கல்லூரியில் அதுதான் கடைசி ஆட்டம், அந்தப் பாய்ச்சல்தான் கடைசி டச் டவுன். 2020-ல், 27 வயதில், சிறுநீரகப் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வீடியோவை இப்போது பார்க்கும்போது கடைசி ஐந்து யார்டில் என் கண் அவர்மீதுதான் இருக்கிறது.

2015-ல் சென்ட்ரல் மிச்சிகனுக்கு மறுபடி அழைப்பு வந்தது, இந்த முறை டெட்ராய்ட்டில் குவிக் லேன் பவுல். அந்த வருடம் பவுல்கள் அதிகமாகி ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதவில்லை. படிப்பில் நல்ல மதிப்பெண் வைத்திருந்த 5-7 அணிகள் சிலவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். எதிரே வந்த மினசோட்டா அப்படி வந்த அணி. ரஷ் அன்றும் எறிந்தார். மினசோட்டா 21-14 என்று ஜெயித்தது. இரண்டு அணிகளில் எதுவும் தரவரிசையில் இல்லை.